வாகைப் பலகையில் ரெசின் மேசை: முதல் ஊற்றலிலேயே புகை வந்துவிட்டது, எங்கே தவறினேன்?

நெற்றுவாகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருக்கிறேன். கணக்கு வாத்தியார். தச்சு வேலை என் தொழில் அல்ல. ஆனால் இந்த ஒரு மேசையை என் கையாலேயே செய்ய வேண்டும் என்று இருக்கிறேன்.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் எங்கள் கொல்லையில் நின்ற வாகையைச் சாய்த்தது. அப்பா நட்ட மரம். ஊர் முழுவதும் தென்னைகளுக்காக அழுதுகொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் வாகைக்கும் சேர்த்து அழுதோம். கோடையில் காய்ந்த நெற்றுகள் காற்றில் கலகலக்கும் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். விறகுக்குக் கேட்டு ஆள் வந்தது. கொடுக்க மனம் வரவில்லை. அறுவை மில்லுக்குக் கொண்டுபோய் ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் பலகைகளாக அறுத்து, மாட்டுக்கொட்டகையில் அடுக்கி வைத்தோம். அன்று முதல் அவை அங்கேயேதான் இருக்கின்றன.

இப்போது இரண்டு பலகைகளை எடுத்திருக்கிறேன். நீளம் 150 செ.மீ. மரத்தின் வளைந்த ஓரங்களை அப்படியே விட்டு, இரண்டுக்கும் நடுவில் 15 செ.மீ. அகலத்துக்கு ரெசின் (இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் எபாக்சிப் பிசின்) ஊற்றி, ஆறு ஓடுவதுபோல் செய்ய வேண்டும் என்று எண்ணம். ஒரு பலகையில் அப்பா ஊஞ்சலுக்கு அடித்த இரும்பு வளையம் மரத்துக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. அதைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறது. அது வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே நிறம் கலக்காத ரெசின் வாங்கினேன்.

பெரிய மேசையில் கை வைப்பதற்கு முன்பு, மீதித் துண்டுகளை ஒரு பிளைவுட் பெட்டியில் வைத்து ஒத்திகை பார்த்தேன். மே மாதம், மதியம் இரண்டு மணி. இரண்டரை லிட்டர் கலந்து ஏழு செ.மீ. ஆழத்துக்கு ஒரே மூச்சில் ஊற்றினேன். இருபது நிமிடத்தில் பெட்டியைத் தொட முடியாத சூடு. பிறகு வெண்புகை. ரெசின் தேன் நிறத்துக்கு மாறி, நடுவில் படீரென்று விரிசல் விட்டது. மர ஓரம் நெடுகக் குமிழிகள். ஒரு துண்டு மிதந்து மேலேயே வந்துவிட்டது. கடையில் கேட்டபோது எல்லா வேலைக்கும் இது ஒன்றே போதும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். புட்டியில் ‘டேபிள் டாப்’ என்று எழுதியிருக்கிறது.

என் கேள்விகள்: சூடு ஏன் வந்தது? குமிழி மரத்திலிருந்து வருகிறதா, நான் கலக்கியதிலிருந்து வருகிறதா? இத்தனை ஆண்டு கிடந்த மரம் காய்ந்திருக்கும் என்று நம்பலாமா? அந்த வளையத்தை என்ன செய்வது?

பொள்ளாச்சிப் பட்டறை எழுதியது:

வணக்கம் சார். நானும் என் கணவரும் வீட்டை ஒட்டிய பட்டறையில் நான்கு ஆண்டுகளாக ரெசின் மேசை செய்கிறோம். உங்களுக்கு நடந்தது எங்களுக்கும் முதல் மாதத்திலேயே நடந்தது.

ரெசினும் அதை இறுக வைக்கும் திரவமான ஹார்ட்னரும் சேர்ந்தால் நடக்கும் வினையே சூட்டை வெளியிடும் வினை. மெல்லிய படலமாக ஊற்றினால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். ஏழு செ.மீ. ஆழத்தில் போக வழியில்லை. உள்ளே தங்கிய சூடு வினையை இன்னும் வேகப்படுத்தும், அந்த வேகம் இன்னும் சூட்டைக் கிளப்பும். மே மாத மதியத்தில் புட்டியிலிருந்த ரெசினே வெதுவெதுப்பாக இருந்திருக்கும். சூடு பத்து டிகிரி கூடினால் கையாளக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வாங்கியது பூச்சு ரெசின். மேசை முழுவதும் கண்ணாடிபோல் ஒரு படலம் விடுவதற்கு உரியது. ஒரு தடவைக்கு மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர்தான் தாங்கும். பலகைகளின் நடுவே ஆறுபோல் ஆழமாக ஊற்றுவதற்கு ‘டீப் போர்’ அல்லது ‘காஸ்டிங்’ என்று எழுதிய வார்ப்பு ரெசின் வேண்டும். அது நீர்போல் ஓடும், மெதுவாக இறுகும். கெட்டியாக இரண்டு மூன்று நாள்கூட எடுக்கும். அதிலும் ஒரு தடவைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று புட்டியில் போட்டிருப்பார்கள். ஐந்து என்று போட்டிருந்தாலும் நம் ஊர் வெயிலுக்கு நான் இரண்டரைக்கு மேல் போகமாட்டேன். முதல் அடுக்கு இறுகி, விரலில் இலேசாகப் பிசுபிசுக்கும் பருவத்தில் அடுத்ததை ஊற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்தப் பருவம் தவறி முழுதும் கெட்டியாகிவிட்டால், உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

குமிழி பெரும்பாலும் மரத்தின் காற்றுதான். மரத்துளைகளில் இருக்கும் காற்று சூடேறும்போது விரிந்து வெளியே வரும். அதனால் ரெசின் தொடப்போகும் ஓரம் முழுவதும் முன்கூட்டியே ஒரு மெல்லிய கோட் பிரஷ்ஷால் அடித்து இறுக விடுங்கள். துளைகள் அடைபட்டுவிடும். இன்னொன்று, காலையில் ஊற்றாதீர்கள். வெயில் ஏற ஏறக் குமிழி வந்துகொண்டே இருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் ஊற்றினால் இரவில் சூடு இறங்கும், மரம் காற்றை உள்ளே இழுக்கும், கூடவே ரெசினையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். நாங்கள் இந்த ஒன்றை மாற்றிய பிறகு பாதிக் குமிழி குறைந்தது.

மிதந்து வந்ததில் வியப்பில்லை. ரெசின் தண்ணீரைவிடக் கனம், வாகை அதைவிட இலேசு. பலகைகளை அச்சின் (ரெசின் ஊற்றும் பெட்டியின்) தரையோடு கிளாம்ப் போட்டு அழுத்தித்தான் ஊற்ற வேண்டும். அச்சின் உட்பக்கம் முழுவதும் பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் ஒட்டுங்கள்; ரெசின் அதைப் பிடிக்காது. மூலைகளில் சிலிக்கான் விட்டு ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஓர் ஊசித் துளை இருந்தாலும் இரவெல்லாம் ஒழுகிக் காலையில் தரைதான் மேசையாகியிருக்கும்.

கலக்கும்போது விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்ட்னர் இலேசானது என்பதால் இரண்டும் ஒன்றல்ல. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் கடைசிவரை பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். மெதுவாக ஐந்து நிமிடம் கலக்கி, பாத்திரத்தின் சுவரையும் அடியையும் வழித்து, வேறு பாத்திரத்துக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள்.

ஒரு வேண்டுகோள். இதைச் சாப்பாட்டு மேசையாக வைக்கப் போகிறீர்கள் என்றால், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைக்கவே கூடாது. இந்த ரெசின்களில் பல அறுபது டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டு மேசையில் ரசச் சட்டியின் வட்டம் பதிந்துவிட்டது. அதை எடுக்க மேற்பரப்பு முழுவதையும் மறுபடி தேய்க்க வேண்டியிருந்தது. பிரிமணை இல்லாமல் எதையும் வைக்காதீர்கள். வெயில் விழும் ஜன்னலோரமும் வேண்டாம், மஞ்சளாகிவிடும்.

கீழவாசல் எழுதியது:

மேலே சொன்னவை சரி. ஆனால் அதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் இல்லை.

கையுறை. நான் ரெசின் வேலையை விட்டதே இதனால்தான். இரண்டு ஆண்டுகள் வெறும் கையால் வேலை செய்தேன், கையில் பட்டதைத் தின்னர் வைத்துத் துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் ஆண்டு ஒரு நாள் மணிக்கட்டில் அரிப்பு. பத்து நாளில் கண் இமைகள் வீங்கின. தோல் மருத்துவர் எபாக்சி ஒவ்வாமை என்றார். உடம்பு அதை ஒரு தடவை எதிரியாக அறிந்துகொண்டால் மறக்காது. இப்போது பக்கத்து அறையில் யாராவது கலக்கினாலே எனக்கு முகம் எரிகிறது.

ஆகவே சார், நைட்ரைல் கையுறை, முழுக்கை சட்டை, ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி வைத்த முகமூடி, இவை மூன்றும் இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் மட்டும். தின்னர் ரெசினைக் கரைத்துத் தோலுக்குள் அனுப்பிவிடும். முழுதும் இறுகாத ரெசினைத் தேய்த்தால் பறக்கும் தூளும் அதே கேட்டைச் செய்யும். ஒரு வாரமாவது பொறுத்துத் தேயுங்கள். வாகைத் தூளே தனியாக மூக்கை எரித்துத் தும்ம வைக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கொட்டகையிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

மீந்த ரெசினைக் கலந்த கோப்பையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் பெட்டி புகைந்ததுபோல் அதுவும் புகையும். ஒரு பிளாஸ்டிக் தாளில் மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள்.

உளிச்சத்தம் எழுதியது:

தம்பி, காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இழைப்புளி பிடித்த கை இது. ரெசினை நான் அதிகம் தொட்டதில்லை. மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இத்தனை ஆண்டு கிடந்தது என்பதால் மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. எங்கே கிடந்தது என்பதுதான் கேள்வி. மாட்டுக்கொட்டகை, அதுவும் டெல்டா மண். அடிப்பலகை தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்திருந்தால் அது ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கும். ஈரமானி ஒன்று வாங்கிப் பலகையின் நடுவில் ஊசியைக் குத்திப் பார். பன்னிரண்டு சதவீதத்துக்குள் இருந்தால் தொடு. ஈர மரத்தில் ரெசின் ஊற்றினால், பிறகு மரம் சுருங்கும்போது ரெசின் கூடவே சுருங்காது. ஓரம் பிரிந்து வந்துவிடும்.

வாகையின் வைரம், அதாவது நடுமரம், நல்ல பழுப்பு, உறுதியானது. ஓரத்து வெளிறு அப்படி அல்ல, வண்டுக்கு விருந்து. குண்டூசி முனைபோல் துளைகளும், தட்டினால் மாவுபோல் தூளும் இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. மருந்தடித்து அது நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகுதான் மேலே போ. பட்டையை முழுக்க உரித்துவிடு. பட்டைமேல் ரெசின் ஊற்றினால், ரெசின் பட்டையைத்தான் பிடித்திருக்கும், மரத்தை அல்ல. உளியின் முதுகால் தட்டினாலே காய்ந்த பட்டை கழன்று வரும். பிறகு கம்பி பிரஷ் போடு.

வளையத்தைப் பற்றிக் கேட்டாயே. பலகையைச் சமன்படுத்தும்போது ரௌட்டர் (மரத்தைச் செதுக்கும் மின்கருவி) அலகு அந்த இரும்பில் பட்டால் அலகு உடைந்து தெறிக்கும், ஆளையே அடிக்கும். முதலில் வளையத்தைக் கழற்று. எந்தத் திசையில் இருந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொள். மரத்தைச் சமன்படுத்திய பிறகு, துருவைத் தேய்த்து, மேல்மட்டத்துக்கு அரைச் சென்டிமீட்டர் கீழே இருக்கும்படி அதே குழியில் திரும்ப வை. கறுத்த மரத்தைச் சுரண்டாதே. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து பிடித்த கறை அது, அழுகல் அல்ல.

இன்னொன்று, வயதில் மூத்தவன் என்பதால் சொல்கிறேன். பதினைந்து சென்டிமீட்டர் ஆறு உனக்கு எதற்கு? இது உன் அப்பா நட்ட மரம். மேசையைப் பார்க்கிறவன் முதலில் வாகையைப் பார்க்க வேண்டும். இரண்டு பலகைகளின் வளைவுகளையும் ஒன்றுக்கொன்று இணக்கமாகத் திருப்பித் திருப்பி வைத்துப் பார். அவை எவ்வளவு நெருங்கி வருகின்றனவோ அவ்வளவு இடம்தான் ரெசினுக்கு. மரத்தில் இல்லாததை நிரப்பத்தான் அது. பலகையைச் சமன்படுத்தி முடித்த பிறகே ஊற்று. முன்பே ஊற்றினால் விலை கொடுத்து வாங்கியதைத் தூளாக்கிக் கொட்டுவாய்.

கால் பொருத்தும்போது திருகுத் துளைகளை மரத்தின் அகலவாட்டில் நீளத் துளையாகப் போடு. மழைக்காலத்தில் மரம் அகலத்தில் உப்பும், கோடையில் ஒடுங்கும். இறுக்கிக் கட்டினால் வெடிக்கும்.

நெற்றுவாகை எழுதியது:

ஐயா, அம்மா, நண்பரே, மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

ஈரமானி வாங்கினேன். மேல்பலகை 11, அடிப்பலகை 16. ஐயா சொன்னதுபோலவே அடிப்பலகையின் ஒரு முனை மண்ணில் பதிந்து கிடந்திருக்கிறது. அதை எடுத்து மாடித் தகரக் கொட்டகையில், ஒரு சாண் இடைவெளியில் குறுக்குச் சட்டங்கள் வைத்துக் கிடத்தி, இரு முனைகளிலும் பெயிண்ட் அடித்திருக்கிறேன். வெளிற்றில் ஓரிடத்தில் துளைகள் இருந்தன. தட்டியபோது தூள் வரவில்லை, ஆனாலும் மருந்தடித்துவிட்டேன்.

பலகைகளைத் திருப்பி வைத்துப் பார்த்ததில் ஒரு மாலை முழுவதும் போனது. அடிப்பலகையைத் தலைகீழாக்கி வைத்தால் இரண்டின் வளைவும் பொருந்துகின்றன. இடைவெளி சராசரி எட்டு செ.மீ.தான். கணக்குப் போட்டேன். சமன்படுத்தாமல் ஊற்றியிருந்தால் 150 x 15 x 5, அதாவது பதினொன்றே கால் லிட்டர். இப்போது நான்கு செ.மீ. கனத்துக்கு இறக்கிய பிறகு 150 x 8 x 4, நாலே முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். ஒழுகலுக்கும் பாத்திரத்தில் ஒட்டுவதற்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தாலும் ஐந்தரைக்குள் முடிந்துவிடும். இரண்டு செ.மீ. வீதம் இரண்டு அடுக்கு.

வார்ப்பு ரெசினில் கால் லிட்டர் மட்டும் கலந்து, ஓரத்துக்கு முன்பூச்சு கொடுத்து, மாலை ஆறு மணிக்கு ஒரு சிறு தட்டில் இரண்டு செ.மீ. ஊற்றிப் பார்த்தேன். கையுறையும் முகமூடியும் போட்டேன். காலையில் தொட்டபோது சூடே இல்லை. மூன்றாம் நாள் கெட்டியானது. குமிழி மொத்தம் நான்கு, அவையும் முன்பூச்சு சரியாகப் படாத ஒரு மூலையில்.

பெரிய ஊற்றலைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ரெசின்மேல் வெண்படலம் பூக்கும் என்று பட்டறை அம்மாவிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்குள் அடிப்பலகையும் பன்னிரண்டுக்கு இறங்கிவிடும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் ஊசி குத்தி எழுதி வைக்கிறேன், நேற்று 15.

வளையத்தைக் கழற்றிவிட்டேன். அரை நாள் வேலை. மரம் அதை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது. வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மெலிந்திருக்கிறது, கயிறு உராய்ந்த பக்கம். அந்தப் பக்கம் மேலே தெரியும்படி வைக்கப் போகிறேன். துருவை முழுவதும் எடுத்துவிட வேண்டுமா ஐயா, அல்லது உதிர்வதை மட்டும் தேய்த்துவிட்டு நிறத்தை அப்படியே விடலாமா?

உளிச்சத்தம் எழுதியது:

உதிர்வதை மட்டும் எடு தம்பி. மீதி இருக்கட்டும். முன்பூச்சை வளையத்துக்கும் சேர்த்து அடித்துவிடு, அதன் இடுக்கிலும் காற்று இருக்கும்.