மேஃபிளவர் ரிச்சர்ட் வாரனின் அப்பா யார்?

கொடிவழி:
1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு மேஃபிளவர் கப்பலில் போன ரிச்சர்ட் வாரனின் பெற்றோர் இங்கிலாந்தின் டெவன் பகுதியின் கிறிஸ்டோபர் வாரன், ஆலிஸ் வெப். இணையத்தில் பல குடும்ப மரங்களில் அப்படித்தான் இருக்கிறது. இத்தனை பேருமா தப்பு?

ஓலைச்சுவடி:
ஒருவர் போட்டதை நூறு பேர் நகலெடுத்தாலும் சாட்சி ஒன்றுதான் ஐயா. அவர் மனைவி எலிசபெத் வாக்கர் என்பதை ஏற்கிறேன். ஆனால் டெவன் ரிச்சர்டும் கப்பலேறியவரும் ஒரே ஆள் என்று சொல்லும் ஆவணம் எங்கே?

கொடிவழி:
மனைவி எலிசபெத் வாக்கர் என்பதை மட்டும் ஏற்கிறீர்களே, அதுவும் வெறும் பெயர்ப் பொருத்தம்தானே?

ஓலைச்சுவடி:
இங்கிலாந்தின் கிரேட் ஆம்வெல் ஊரில் 1610 ஏப்ரல் 14 அன்று நடந்த திருமணப் பதிவு மட்டும் இருந்தால் நானும் ஏற்கமாட்டேன். பெண்ணின் அப்பா அகஸ்டின் வாக்கர் 1613இல் எழுதிய உயிலில் மகள் எலிசபெத் வாரன், பேத்திகள் மேரி, ஆன், சாரா வருகிறார்கள். 1627இல் அமெரிக்காவில் அவர்கள் குடியேறிய பிளிமத்தில் மாடுகளைப் பங்கு பிரித்த பட்டியலில் வாரன் வீட்டுப் பெண்கள் மேரி, ஆனா, சாரா, எலிசபெத், அபிகேல். முதல் மூன்று பெயரும் அதே வரிசை. பெற்றோர் பெயரும் ஒத்துப்போகிறது. டெவனுக்கு இதில் பாதியாவது உண்டா?

குருதித்துளி:
டிஎன்ஏ எடுத்தால் தீர்ந்தது!

ஓலைச்சுவடி:
எந்த டிஎன்ஏ? 12 தலைமுறை பின்னே போனால் 4096 மூதாதை இடங்கள். சாதாரணச் சோதனையில் ஒருவருடைய பங்கு ஒன்றுமே தெரியாமலும் போகலாம். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம்தான் வழி. மகன்கள் நத்தானியேல், ஜோசப் இருவரின் ஆண்வழி வாரிசுகளை முதலில் ஒப்பிட வேண்டும். பிறகு இங்கிலாந்து வாரன் ஒருவர் பொருந்தினாலும் பொதுவான ஆண்வழி என்றுதான் தெரியும். அப்பா யார் என்று தெரியாது.

கொடிவழி:
1620 டிசம்பரில் கப்பலிலிருந்து குடியேற இடம் தேடிப் போன குழுவின் பட்டியலில் அவரை 'லண்டன்காரர்' என்று எழுதியிருக்கிறார்களே. லண்டனிலேயே தேடலாமா?

ஓலைச்சுவடி:
தேடலாம். ஆனால் அதே வரியில் லண்டன்காரர் என்று வரும் ஸ்டீபன் ஹாப்கின்ஸ் ஞானஸ்நானம் பெற்றது ஹாம்ப்ஷயரில். அது குடியிருந்த ஊர், பிறந்த ஊர் அல்ல. ஆம்வெல் சுற்றுவட்டார உயில்களை முதலில் பாருங்கள், வாரன் என்ற பெயருக்கு மட்டுமல்ல, வாக்கர் உறவுகளுக்கும். ஞானஸ்நானப் பதிவு கிடைத்தால் அடக்கப் பதிவையும் புரட்டுங்கள். குழந்தையிலேயே இறந்தவரைக் கப்பலேற்றிய மரங்கள் ஏராளம். தேதியிலும் கவனம், அன்று இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. பிப்ரவரி 1580 என்று பதிவில் இருந்தால் நம் கணக்கில் 1581.

கொடிவழி:
டெவனை நான் இன்னும் விடவில்லை. கிறிஸ்டோபர் உயில் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

ஓலைச்சுவடி:
இருந்தால் படத்தையே போடுங்கள். பெயர்த்தெழுதியது வேண்டாம், அந்தக் காலக் கையெழுத்தில் வாரனும் வாரெனரும் குழம்பும்.