நம்பிக்கை உடைந்த பிறகு: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

நீலமேகம்:
என் கணவருக்கு வேறொரு பெண்ணோடு இருந்த தொடர்பைக் கண்டுபிடித்த கதையை எழுதப்போவதில்லை. இங்குள்ள பலருக்கும் அது தெரிந்த கதைதான். அதன் பின் ஏழாவது மாதத்தில் நடந்த ஒன்று மட்டும் இன்னும் என்னை விடவில்லை. அதற்குள் கைப்பேசியின் கடவுச்சொல்லை அவர் தந்திருந்தார், போகும் இடமெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனார், நானோ இரவுதோறும் அவர் உறங்கிய பின் அதை எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்தும் உறக்கம் வராமல் கிடந்தேன். அன்று மாலை வீடு திரும்பியவர், காலணியை முழுதாகக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, “இன்று அவள் அழைத்தாள், நான் எடுக்கவில்லை. நீ பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிட நினைத்தேன்” என்றார். ஒரு காலணியின் வார் மட்டும் அவிழ்ந்து தரையில் கிடந்தது. பேச்சு வராமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு நான் கைப்பேசியைத் தொடவில்லை. ஏன் என்று இன்றும் விளங்கவில்லை.

தனிவழி:
எனக்குக் கணவர் அல்ல, அண்ணன். கூட்டுச் சொத்தை விற்ற பத்திரத்தில் என் கையெழுத்தை அவரே போட்டிருந்தார். பணம் போனதைவிட, அந்தக் கையெழுத்து அவ்வளவு சரியாக இருந்ததுதான் என்னை வதைத்தது. கடைசி எழுத்தின் கீழே நான் இழுக்கும் சிறு கோடுகூட அதில் இருந்தது. அவர் தனியே அமர்ந்து என் பெயரை எழுதி எழுதிப் பழகும் காட்சி கண்ணைவிட்டு அகலவில்லை. மன்னிப்புக் கேட்டார், மன்னித்தும்விட்டேன். ஆனால் எந்தத் தாளிலும் அவரோடு சேர்ந்து கையெழுத்திட இனி என்னால் ஆகாது. நீலமேகம், ஒரே ஒரு மாலையை வைத்து நம்பிவிடாதீர்கள்.

எழில்நிலா:
தனிவழி, உங்கள் முடிவு உங்களுக்குச் சரி. மன்னிப்பதும் மீண்டும் இணைவதும் வெவ்வேறு என்றுதான் மன்னிப்பை ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் என்ரைட்டும் சொல்கிறார். ஆனால் அதை மற்றவருக்கு விதியாக்குவதை நான் ஏற்கவில்லை. நான் அழுதுகொண்டே சொன்ன ரகசியத்தை என் தோழி ஊரறியச் செய்தாள்; இன்று மீண்டும் அவளோடு பேசுகிறேன், அவ்வளவுதான் என் கதை. மீண்டும் இணைய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உண்மையைத் தவணை முறையில் வாங்காதீர்கள். ஒவ்வொரு தவணையும் முதல் நாள் அதிர்ச்சியைத் திரும்பக் கொண்டுவரும். மணவாழ்வை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன் இந்தப் பாதையைத் தவறுக்கு ஈடு செய்தல், மனம் ஒத்துப்போதல், மீண்டும் பிணைதல் என்று மூன்று படிகளாக வைக்கிறார். பலர் முதல் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு, அடுத்ததில் வழுக்கி விழுகிறார்கள். இன்னொன்று, முன்பே ஏன் தெரியவில்லை என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். நாம் சார்ந்து வாழ்பவரே துரோகம் செய்யும்போது, உறவைக் காத்துக்கொள்வதற்காக மனமே அதைக் காணாதிருக்கக்கூடும் என்பதை உளவியலாளர் ஜெனிபர் ஃப்ரைட் 1990களிலேயே விளக்கியிருக்கிறார். அடியும் மிரட்டலும் உள்ள வீட்டுக்கு இவை எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்பான இடம் தேவை.

கரைமேல்:
துரோகம் செய்தவன் நான். “அன்று எந்தச் சட்டை அணிந்திருந்தீர்கள், நான் தேய்த்துக் கொடுத்ததா?” என்று என் மனைவி நாற்பது முறையாவது கேட்டிருப்பாள். ஒருநாள், “இன்னும் எத்தனை முறை கேட்பாய்?” என்று சீறினேன். அதன் பின் அவள் கேட்கவே இல்லை. காயம் ஆறிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். மூன்று மாதம் கழித்து அவள் பிரிந்து போனாள். அலமாரியைத் திறந்தால் என் சட்டைகள் அத்தனையும் தேய்க்கப்படாமல் தொங்கின, அதுவரை அதை நான் கவனிக்கக்கூட இல்லை. எழில்நிலா சொன்ன முதல் படி, அதே கேள்விக்கு நாற்பத்தொன்றாம் முறையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வதுதான் என்று இப்போது தெரிகிறது.

நீலமேகம்:
கரைமேல், ஏறக்குறைய அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். அவர் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார். தனிவழி, அந்த மாலைக்குப் பிறகும் நான்கு முறை, நான் கேட்காமலே அவர் வந்து சொல்லியிருக்கிறார். ஆனாலும் போன வாரம் ஓர் இரவு கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். காலையில் அதை அவரிடம் சொல்லியும்விட்டேன்.