மறு: ரெக்கார்டு – ‘பதிவு’ போதாதா?

கோப்பில் ஓர் அலகாகப் படித்து எழுதப்படும் தரவுத்துண்டு ரெக்கார்டு. அதற்கு ‘ஏடு’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> ‘பதிவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

ஒலிப்பதிவு, பத்திரப்பதிவு, வலைப்பதிவு என்று அந்தச் சொல் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. அது போகட்டும். பழைய இயங்குதளங்களின் ரெக்கார்டுக்கு ஓர் அகலம் உண்டு. ‘பதிவு’ என்ற சொல்லில் அது தெரியவில்லை. அதனால்தான் ‘ஏடு’ என்றேன். ஓலையின் விளிம்போடு எழுத்து நின்றாக வேண்டும்.

80 பத்தி (நெடுவரிசை) கொண்ட ஐபிஎம் துளையட்டை, அதாவது துளையிட்டுத் தரவைக் குறிக்கும் அட்டை, வந்தது 1928இல். அட்டை போய் வட்டு வந்த பிறகும் மெயின்பிரேம் என்னும் பெருங்கணினிகளில் நிரல் மூலங்கள் 80 பைட் ஏடுகளாகவே கிடந்தன. அதிலும் பழைய ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் 72ஆம் பத்தியோடு நிரல் முடிந்துவிடும். மிச்ச எட்டும் வரிசை எண்ணுக்கு. ஒரு மாறியின் கடைசி எழுத்து 73இல் போய் விழுந்து, அரைநாள் தேடியிருக்கிறேன். கம்பைலர் (நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் மென்பொருள்) பிழை என்றுகூடச் சொல்லவில்லை. மிஞ்சிய பெயரைப் புது மாறியாக எடுத்துக்கொண்டு போய்விட்டது!

> மாறும் நீளமுள்ள ரெக்கார்டு? ஏடு என்றால் ஒரே அளவு அல்லவா?

நியாயமான கேள்வி. ஐபிஎம் மெயின்பிரேம் இயங்குதளமான ஓஎஸ்/360இல் அவ்வகை ரெக்கார்டின் முதல் 4 பைட்டில் நீளம் இருக்கும். ‘நெகிழேடு’ எனலாமா? நெகிழ்ந்தாலும் ஒரு பிளாக்குக்குள் (வட்டில் ஒரே தடவையில் எழுதும் ரெக்கார்டுகளின் கட்டு) அடங்க வேண்டும். பிளாக்கின் உச்சம் 32,760 பைட். அதில் அடங்காமல் அடுத்த பிளாக்குக்கும் நீளுவதைத் ‘தொடரேடு’ என்று வைக்கலாம்.

‘ஏடு’ கச்சிதமாகப் பொருந்துவது பழைய நுண்கணினி இயங்குதளமான சிபி/எம்மில்தான். அங்கே கோப்பின் அளவே 128 பைட் ஏடுகளின் எண்ணிக்கை. கடைசி ஏட்டில் உரை எங்கே முடிகிறது என்பது இயங்குதளத்துக்குத் தெரியாது. கண்ட்ரோல்-இசட் என்ற முடிவுக்குறியைப் போட்டுக் காட்ட வேண்டும்.

தமிழுக்கு இந்த வரம்பு இன்னும் கொடுமை. யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 80 பைட் ஏட்டில் 26 குறிகள் போக 2 பைட் மீதி. 27ஆவதை வெட்டினால் அது எழுத்தாகவே இருக்காது. ‘கொ’ போன்ற எழுத்துக்கே இரண்டு குறி வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, ரெக்கார்டு அளவு வரம்புக்கு ‘ஏட்டு வரம்பு’. யூனிக்ஸ் பக்கம் இந்தச் சொல் வேண்டாம். அங்கே கோப்பு வெறும் பைட் ஓட்டம். ‘பதிவேடு’ ரெஜிஸ்டரோடு குழம்பும், ஆகவே அதுவும் வேண்டாம். பிளாக்குக்கு நான் ‘கட்டு’ என்பேன். அதைத் ‘தொகுதி’ என்பவர்களே, வால்யூமுக்கு (ஒரு முழு வட்டு அல்லது நாடா) என்ன வைத்திருக்கிறீர்கள்?