வீட்டு அரிசி ஏன் முளைக்கவில்லை? திருகோணமலையில் பிள்ளைகளுக்கு வயல் காட்ட வழி சொல்லுங்கள்

உவர்மலை அம்மா:

வணக்கம். என் மகன் ஏழாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் இரண்டு யோகட் கப்பில் மண் நிரப்பி, ஒன்றில் பயறும் மற்றதில் வீட்டு மூடையிலிருந்து எடுத்த நாட்டரிசியும் போட்டு ஜன்னலோரம் வைத்தான். பயறு மூன்றாம் நாளே தலையை நீட்டிவிட்டது. அரிசிக்கு இரண்டு கிழமை தண்ணீர் ஊற்றினான், கடைசியில் நாற்றம் தாங்காமல் நான்தான் வெளியே கொட்டினேன். "அம்மா, கடைக்காரன் பழைய அரிசி தந்திட்டான்" என்கிறான்.

சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. நான் பிறந்தது தம்பலகாமத்தில். அப்பப்பா வயல்காரர், கந்தளாய்த் தண்ணீர் பாய்ந்த வயல், சூடடிக்கிற நாட்களில் களத்திலேயே வைக்கோலுக்குள் படுத்துத் தூங்கியிருக்கிறேன். 1990இல் யுத்தத்தால் ஊரைவிட்டு வெளிக்கிட்டதோடு அந்தக் கதை எல்லாம் போய்விட்டது. இப்போது என் பிள்ளை நெல்லுக்கும் அரிசிக்கும் வித்தியாசம் தெரியாமல் வளர்கிறான். சரி, ஏன் முளைக்கவில்லை என்று அவன் கேட்டதற்கு எனக்கே ஒழுங்கான விளக்கம் சொல்ல வரவில்லை, அதுதான் பெரிய வெட்கம்.

பள்ளிக்கூடத்தில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. போன வருடம் ஒரு விவசாயச் சுற்றுலா. பஸ்ஸில் ஏற்றினார்கள், எல்லோருக்கும் ஒரே நிறத் தொப்பி, ஒரு மரக்கன்று நட்டுப் படம், கேக்கும் சோடாவும், பின்னேரம் வீடு. என்னடா பார்த்தாய் என்றால் "மயில் பார்த்தேன்" என்றான்.

வகுப்பில் ஏழெட்டுப் பெற்றோர் சேர்ந்து நாங்களே பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்று கதைத்திருக்கிறோம். எந்த மாதம் போவது, யாரைக் கேட்பது, என்ன காட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வட்டைக்காரன்:

தங்கச்சி, கடைக்காரன் பாவம், அவனில் பிழையில்லை. நாட்டரிசி என்பது நெல்லை ஊறப்போட்டு அவித்துக் காயவைத்துக் குத்தியது. அவித்த முட்டையை அடைவைத்தால் குஞ்சு வருமா? பச்சையரிசி போட்டாலும் முளைக்காது, நெல்மணியின் நுனியில் இருக்கிற முளை ஆலையில் தீட்டும்போது உடைந்து தவிட்டோடு போய்விடும். தம்பிக்கு விதைநெல் ஒரு சுண்டு வாங்கிக் கொடுங்கோ. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும், பிறகு தண்ணீரை வடித்து ஈரச்சாக்கில் கட்டி இரண்டு நாள் இருட்டில் வையுங்கோ. சாக்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ, உள்ளே சூடாக இருக்கும். அந்தச் சூட்டை ஒரு பிள்ளை கையால் தொட்டால் போதும், நீங்கள் ஒரு விளக்கமும் சொல்லத் தேவையில்லை.

வயலுக்கு வருவதென்றால் ஒருநாள் வந்து போவதில் பிரயோசனம் இல்லை. இப்போது ஆவணி, சிறுபோக வெட்டு நடக்கிறது. இப்போது வந்தால் வெட்டு மெசின் பார்ப்பார்கள், அது பஸ் பார்க்கிற மாதிரித்தான். பெரும்போகத்துக்கு, அதாவது மாரிமழைப் பயிருக்கு வாருங்கோ, ஒரு போகத்தில் நாலு தரம். முதல் தரம் விதைப்புக்கு, மழையைப் பொறுத்து ஐப்பசி அல்லது கார்த்திகை. பாடப்புத்தகப் படத்தில் பெண்கள் வரிசையாக நாற்று நடுவார்கள், எங்கள் பக்கம் பெரும்பாலும் வீச்சு விதைப்புத்தான், அதைக் கண்டாலே பிள்ளைகள் புத்தகத்தைத் திரும்பப் பார்ப்பார்கள். இரண்டாம் தரம் களையும் உரமும். மூன்றாவது கதிர் பால்பிடிக்கிற நேரம், அப்போது ஒரு மணியை நசுக்கிப் பார்த்தால் வெள்ளைப் பால் வரும். கடைசி, மாசி பங்குனியில் வெட்டு.

நெல்லின் பெயரையும் சொல்லிக் கொடுங்கோ. பிஜி என்றால் பத்தலகொட, ஏரீ என்றால் அம்பலாந்தோட்டை, அந்த நெல் பிறந்த ஆராய்ச்சி நிலையம். பிஜி 300 விளைய மூன்று மாதம், பிஜி 352 மூன்றரை மாதம். 350இல் தொடங்குகிற வரிசை எல்லாம் மூன்றரை மாதம், 400 வரிசை நாலு மாதம். பிள்ளைகளுக்கு இந்த மாதிரிக் குறியீடு என்றால் உயிர்.

இன்னொன்று. கொப்பியும் பேனையும் கொண்டுவரச் சொல்லுங்கோ. உழவுக்கூலி, விதைநெல் (ஏக்கருக்கு இரண்டு, இரண்டரை பூசல், பூசல் என்றால் ஏறக்குறைய 21 கிலோ), உரம், களைநாசினி, வெட்டுக்கூலி, மூடை ஏற்றுகிற கூலி எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல எழுதட்டும், கடைசியில் விற்ற விலையையும் எழுதட்டும். நூறு கிலோ நெல் குத்தினால் அரிசியாக அறுபத்தைந்து கிலோ அளவுதான் வரும் என்பதும் அந்தக் கணக்கில் வரவேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் மகன் கட்டாருக்குப் போனான், அது வேறு கதை.

டவுன்ஹோல் ரோட்:

மன்னிக்கவும், எனக்கு இது விளங்கவில்லை. வயலைவிட்டு வெளியே வரத்தான் எங்கள் அப்பா எங்களைப் படிப்பித்தார். இப்போது காசு செலவழித்து வான் பிடித்துப் பிள்ளையைச் சேற்றில் இறக்கப் போகிறீர்களா? அந்த நேரத்துக்குக் கணிதம் படித்தால் ஏதாவது வரும்.

விவசாய ரீச்சர்:

ரோட் தம்பி சொன்னதைத்தான் ஒவ்வொரு வருடமும் பத்தாம் ஆண்டுக்குப் பாடம் தெரிவு செய்யும்போது பெற்றோரும் சொல்கிறார்கள். விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் என்று பாடம் இருக்கிறது, நல்ல பாடம், ஆனால் "மற்றது ஓடாத பிள்ளைகள்" என்று ஒதுக்கப்பட்டவர்கள்தான் என் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு வயல்வேலை என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாத பிள்ளைகள் எல்லாம் அடுத்த வகுப்பில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் படிப்பிப்பதில்லை. என்ன சொல்ல.

அக்கா, வயலுக்குப் போக முதல் வீட்டில் ஒரு வேலை செய்யலாம். நான் வகுப்பில் செய்வது. ஒருநாள் சாப்பாட்டைக் காலை முதல் இரவு வரை எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஊர் பெயர் போடச் சொல்லுவேன். காலையில் பாண், அது எந்த ஊர் வயல்? எல்லோரும் கந்தளாய் என்று எழுதுவார்கள். கோதுமை இந்த நாட்டில் விளைவதே இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். கப்பலில் வருகிறது, அதில் நிறைய, தினமும் குடாவுக்கு அந்தப் பக்கம் தெரிகிற சீனக்குடா பிரீமா ஆலைக்குத்தான், அங்கே அரைபட்டு மாவாகி நாட்டின் பல பக்கமும் போகிறது. மத்தியானப் பருப்புக்கு மைசூர்ப் பருப்பு என்று பெயர், வருவது கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும். தேத்தண்ணிக்குப் போடுகிற பால்மா பெரும்பாலும் நியூசிலாந்து. கடைசியில் எங்கள் மாவட்டத்துச் சாமான் என்று சோறும் மீனும் தேங்காயும் இன்னும் இரண்டு மரக்கறியும் மிஞ்சும். 2022இல் பாண் விலை ஏன் அப்படி ஏறியது என்று ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடித்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

வட்டைக்காரன்:

ரோட் தம்பி, பிள்ளையைக் கமக்காரன் ஆக்கச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. படித்து கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்தில் போய் இருக்கட்டும், நல்லது. ஆனால் 2021இல் ஒரே நாளில் இரசாயன உரத்தை நிறுத்தினார்களே, அந்தப் போகம் என் வயல் மஞ்சள் அடித்து நின்றதை நான் பார்த்தேன். அந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தவர்கள் எல்லோரும் கணிதம் நன்றாகப் படித்தவர்கள்தான்.

கிண்ணியாப் பட்டி:

வயல் மட்டுமா சாப்பாடு? எங்கள் வாப்பா எருமைப்பட்டி வைத்திருந்தவர். டவுன் பிள்ளைகளுக்குத் தயிர்ச் சட்டி தெரியும், எருமை தெரியாது. விதைப்புத் தொடங்கினால் பட்டியை வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள் வைக்க முடியாது, காட்டுப் பக்கம் சாய்க்க வேண்டும், மேய்ச்சல் தரை வருடா வருடம் குறைகிறது, அதனால் வயல்காரருக்கும் பட்டிக்காரருக்கும் வருகிற சண்டையை எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. வட்டைக்காரன் அண்ணனுக்குத் தெரியும் 😀 போகத்துக்கு முன்னால் நடக்கிற கமக்காரர் கூட்டத்தில் எப்போது தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, மாடுகளை எப்போது வெளியேற்றுவது என்று எல்லாம் அங்கேதான் தீர்மானிப்பார்கள். முடியுமானால் பிள்ளைகளை அதில் ஒரு மூலையில் இருத்துங்கள். அங்கே கேட்கிற சத்தம் ஒரு வருடப் பாடம்.

ஒரு எச்சரிக்கை. சேற்றில் இறக்கினால் எலிக்காய்ச்சலை யோசியுங்கள். காலில் காயம் உள்ள பிள்ளை வரம்பிலேயே நிற்கட்டும், மற்றவர்கள் ஏறியவுடன் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். வயல் வேலை செய்பவர்களுக்குச் சுகாதாரப் பகுதியில் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள், பிள்ளைகளுக்கு வேண்டுமா என்று போக முதல் உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் "வயலுக்குப் போனவன்" என்று சொல்ல மறக்கவே கூடாது.

சேறு வேண்டாம் என்கிற பெற்றோர் இருந்தால் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் சின்ன வெங்காயம். மாரிமழை விட்ட பிறகு மணல் தரையில் கிணற்றுத் தண்ணீரில் வைப்பார்கள், இரண்டு இரண்டரை மாதத்தில் கிண்டி எடுக்கலாம். வெங்காயத்துக்கு வெங்காயத்தையே நடுகிறார்கள் என்பதைப் பார்த்தால் உங்கள் மகனுக்கு இன்னும் நூறு கேள்வி வரும்.

உவர்மலை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மாமி வீட்டிலிருந்து விதைநெல் வந்தது. சாக்கைத் தொட்டுவிட்டு "அம்மா, இதுக்குக் காய்ச்சல்" என்று ஓடிவந்தான். அவிழ்த்தால் எல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை. உடனே அடுத்த கேள்வி, "அப்ப நாங்க சாப்பிடுற அரிசி எல்லாம் செத்ததா?" நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

ரீச்சர் சொன்ன பட்டியலும் எழுதினோம். பாண் என்ற இடத்தில் "கப்பல்" என்று எழுதியிருக்கிறான், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

இதுவரை ஐந்து வீடு சம்மதம், இரண்டு வீடு எலிக்காய்ச்சல் என்றதும் பின்வாங்கிவிட்டார்கள், அவர்களுக்கு வெங்காயம் பார்க்கலாம். சுகாதாரப் பரிசோதகரை வரும் கிழமை சந்திக்கிறேன். வட்டைக்காரன் அண்ணா, உங்கள் வயலுக்கே வரலாமா? விதைப்புக்கு எத்தனை பிள்ளைகள் வந்தால் உங்களுக்கு இடைஞ்சல் இல்லை?

வட்டைக்காரன்:

பத்துப் பேர் வரை பரவாயில்லை தங்கச்சி. தண்ணீர் திறக்கிற திகதி கூட்டத்தில் முடிவானதும் இங்கே போடுகிறேன். பழைய உடுப்பு, கொப்பி, குடிக்கத் தண்ணீர். ஒரே நிறத் தொப்பி வேண்டாம்.