ஆப்பிள் சாறு சேர்த்த உப்புநீரில் முழுக்கோழியை ஊறவைப்பது பற்றி

ஈசூன் அடுப்படி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டில் உறவினர்கள் கூடுகிறார்கள். பிரியாணியுடன் இந்த முறை ஓவனில் வாட்டிய முழுக்கோழி இரண்டு வைக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். வாட்டிய கோழியில் தொடைக்கறி நன்றாக இருந்தாலும் நெஞ்சுக்கறி வறண்டு, தண்ணீர் குடித்தால்தான் இறங்கும் என்ற நிலை பல விருந்துகளில் கண்டது. ஆப்பிள் சாறும் உப்பும் கலந்த நீரில் கோழியை முன்னிரவே ஊறவைத்தால் கறி சாறுடன் இருக்கும் என்று அமெரிக்கச் சமையல் குறிப்புகள் பலவற்றில் படித்தேன். முயலும் முன் சில விவரங்கள் தெளிவாக வேண்டும்.

அந்தக் குறிப்புகளில் சைடர் என்று போட்டிருக்கிறது. இங்கே சிங்கப்பூர்ப் பேரங்காடியில் சைடர் என்று விற்பது மதுபானம். எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பமும் விருந்துக்கு வருவதால் மது கலந்த எதையும் அடுப்படிக்குள் கொண்டுவர மாட்டேன். அதற்குப் பதில் பெட்டியில் வரும் ஆப்பிள் சாறு போதுமா, அல்லது ஆப்பிள் வினிகர் ஊற்ற வேண்டுமா? உப்பு எவ்வளவு? நம் மசாலாவுடன் ஆப்பிளின் இனிப்பு ஒத்துப்போகுமா? எங்களுடையது நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. குளிர்பதனப் பெட்டியில் பெரிய பானை வைக்க இடமில்லை. என் மாமியாருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் உப்பைப் பற்றியும் கவலை உண்டு. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தேக்கா வாடிக்கையாளர் எழுதியது:

வணக்கம் சகோதரி. முதலில் சைடர். அமெரிக்காவில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் வடிகட்டாத, மது இல்லாத ஆப்பிள் சாறு. ஆகவே சர்க்கரை சேர்க்காத, நூறு விழுக்காடு ஆப்பிள் சாறு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை வாங்கினால் போதும். வினிகரை அதற்கு ஈடாக ஊற்றவே வேண்டாம். ஆப்பிள் வினிகரில் ஏறத்தாழ 5 விழுக்காடு அமிலம் இருக்கும். அதில் கோழி இரவு முழுவதும் கிடந்தால் மேற்புறம் வெளுத்து, மாவுபோல் உதிரும். புளிப்பு வேண்டுமானால் ஒன்றிரண்டு தேக்கரண்டி போதும்.

கறியைச் சாறுடன் வைப்பது ஆப்பிள் அன்று, உப்புதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை எளிதாகக் கிடைத்துவிடும். உப்பு தசைநாருக்குள் புகுந்து அங்குள்ள மயோசின் போன்ற புரதங்களில் ஒரு பகுதியைக் கரைக்கிறது. நார்கள் ஒன்றையொன்று விலக்கி உப்புகின்றன. அந்த இடைவெளியில் நீர் தங்குகிறது. சூடேறும்போது சாதாரணக் கறியில் நார்கள் இறுகிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். உப்பு ஏறிய கறி அந்த அளவுக்கு இறுகாது. வெறும் ஆப்பிள் சாற்றில் எத்தனை மணி நேரம் போட்டாலும் இது நடக்காது. பச்சைப் பப்பாளியிலும் அன்னாசியிலும் புரதத்தை அறுக்கும் நொதிகள் இருப்பதால்தான் ஆட்டுக்கறிக்குப் பப்பாளித் துருவல் தடவுகிறோம். ஆப்பிள் சாற்றிடம் அந்த வேலையை எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் ஆப்பிள் எதற்கு? சர்க்கரைக்கும் இலேசான புளிப்புக்கும்தான். அதன் சர்க்கரையில் பெரும்பகுதி ஃபிரக்டோஸ். அது சீக்கிரம் சிவக்கும் என்பதால் கோழியின் தோல் அழகான தேன் நிறத்துக்கு வரும். உப்பின் கூர்மையையும் அந்த இனிப்பு மட்டுப்படுத்துகிறது. எவ்வளவு சர்க்கரை என்பதைச் சாற்றுப் பெட்டியின் முகப்பிலேயே பார்க்கலாம்: 2022 டிசம்பர் இறுதியிலிருந்து நம் ஊரில் சர்க்கரையோ நிறைவுற்ற கொழுப்போ மிகுந்து சி, டி தரம் பெற்ற பானங்களில், அந்தத் தரத்தைக் காட்டும் நியூட்ரி-கிரேட் முத்திரையும் சர்க்கரை விழுக்காடும் கட்டாயம். ஆப்பிள் சாற்றில் அது 10 அல்லது 11 என்று இருக்கும். ஒரு லிட்டர் சாற்றிலேயே நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை வந்துவிடுவதால், அமெரிக்கக் குறிப்புகளில் கூடுதலாகப் போடச் சொல்லும் பழுப்புச் சர்க்கரை தேவையில்லை.

ஒன்றரைக் கிலோ கோழி ஒன்றுக்கு என் அளவு இது. ஒரு லிட்டர் ஆப்பிள் சாறு, அரை லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ பனிக்கட்டி, 100 கிராம் உப்பு. மொத்தம் இரண்டு லிட்டர் நீருக்கு 5 விழுக்காடு உப்பு. உப்பைக் கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரே கரண்டியில் தூள் உப்பு கல்லுப்பைவிட அதிக எடை பிடிக்கும். அரை லிட்டர் தண்ணீரை உப்பு, தட்டிய இஞ்சி, பூண்டு, மிளகு, ஒரு பட்டை, ஒரு நட்சத்திரச் சோம்பு ஆகியவற்றுடன் கொதிக்கவிட்டு இறக்கி, பனிக்கட்டியைப் போட்டு, பின்னர் குளிர்ந்த ஆப்பிள் சாற்றை ஊற்றினால் நீர் கையில் தொட்டாலே சில்லென்று இருக்கும். அதற்குப் பிறகுதான் கோழியை இறக்க வேண்டும். இளஞ்சூட்டு நீரில் பச்சைக் கோழியை ஒருபோதும் போடாதீர்கள். முழுக்கோழிக்கு எட்டு முதல் பத்து மணி நேரம், தனி நெஞ்சுக்கறிக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் விட்டால் கறி உப்புக் கரித்து, பதப்படுத்திய ஹாம் போன்ற வழுவழுப்புக்குப் போய்விடும்.

செங்காங் ஓவன் எழுதியது:

தேக்கா அண்ணன் சொன்ன அறிவியலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உப்புநீர் முறையே சிறந்தது என்பதில் எனக்கு உடன்பாடு குறைவு. கோழி உறிஞ்சிக்கொள்வதில் பெரும்பகுதி தண்ணீர்தான். கறி சாறுடன் இருக்கும், ஆனால் கோழியின் சொந்தச் சுவை சற்று நீர்த்துப்போகும். தோலும் ஈரமாகிவிடுவதால் மொறுமொறுப்பு வராது. கோழியின் எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றேகால் பங்கு உப்பை மட்டும் தோலிலும் உட்புறத்திலும் தடவி, மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தால் இதே பலன் கிடைக்கும், பானையும் தேவையில்லை. ஆப்பிள் சுவை வேண்டுமென்றால் அதைக் கடைசியில் மேலே பூசலாம்.

பட்டை, சோம்பின் மணம் நீரின் வழியாகக் கறியின் நடுவரை போகும் என்று நம்பிப் பலர் கைநிறைய மசாலாவைக் கொட்டுகிறார்கள். உப்பு ஆழமாகப் புகும். மணப்பொருள்களில் பெரும்பாலானவை மேற்பரப்பிலேயே நின்றுவிடும். ஆகவே விலை உயர்ந்த ஏலக்காயையும் கிராம்பையும் உப்புநீரில் வீணாக்காமல் பூச்சுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

தேக்கா வாடிக்கையாளர் எழுதியது:

தம்பி சொல்வது நியாயமானது, தோல் விஷயத்தில் குறிப்பாக. ஆனால் எந்தக் கோழி என்பதையும் பார்க்க வேண்டும். 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்திய பிறகு உறைந்த கோழிக்குப் பழகிக்கொண்ட வீடுகள் இங்கே ஏராளம். உறைந்த கோழி பனி இளகும்போதே ஓரளவு நீரை இழந்துவிடுகிறது, அதற்கு உப்புநீர் நன்றாகவே உதவும். அன்று காலை ஈரச்சந்தையில் வாங்கிய கோழி என்றால் வெறும் உப்புத் தடவுவதே எனக்கும் பிடிக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சில உறைந்த கோழிகளிலும் இறக்குமதி வான்கோழிகளிலும் தொழிற்சாலையிலேயே உப்புநீர் ஏற்றியிருப்பார்கள். பொருள் பட்டியலில் தண்ணீரும் உப்பும் இருந்தால் மறுபடி ஊறவைக்க வேண்டாம்.

தோலுக்கும் வழி உண்டு. உப்புநீரிலிருந்து எடுத்த கோழியைக் கழுவாமல், சமையலறைத் தாளால் உள்ளும் புறமும் ஒற்றித் துடைத்து, கம்பித் தட்டில் வைத்து, மூடாமல் நான்கைந்து மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் விட்டால், தோல் காகிதம்போல் உலர்ந்து இறுகும். விரலால் தொட்டால் ஒட்டாது, சற்றுச் சரசரக்கும். அந்த நிலையில் ஓவனுக்குள் போகும் கோழிதான் சீராகச் சிவக்கும்.

உட்லண்ட்ஸ் பாட்டி எழுதியது:

மசாலாவைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். ஆப்பிளின் இனிப்பு நம் காரத்துக்கு நன்றாகவே பொருந்தும். மிளகு, காய்ந்த மிளகாய், இஞ்சி, மல்லி ஆகிய நான்கும் அதற்கு இணக்கம். கரம் மசாலாவை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அது ஆப்பிளை மூழ்கடித்துவிடும். ஊறவைத்து உலர்த்திய கோழிக்கு மிளகாய்த்தூள், மல்லித்தூள், இடித்த மிளகு, எண்ணெய் சேர்த்து விழுதாக்கித் தடவலாம். அந்த விழுதில் உப்பே போடக்கூடாது. கோழிக்குள் வேண்டிய உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கிறது. அடித்தட்டில் வடியும் சாறும் உப்பாகத்தான் இருக்கும். அதைக் குழம்பாக்க நினைத்தால் வெந்நீரும் வெங்காயமும் சேர்த்து, ருசி பார்த்த பிறகே மேற்கொண்டு எதையும் போட வேண்டும்.

ஆப்பிள் சுவையை வாயில் உணர வேண்டுமென்றால் பூச்சு தனியாகச் செய்யுங்கள். ஊறவைத்த நீரை அல்ல, புதிய ஆப்பிள் சாறு இரண்டு கோப்பையை அகலமான வாணலியில் ஊற்றி, விதை நீக்கிய காய்ந்த மிளகாய் இரண்டு, நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு போட்டு, நடுத்தரத் தீயில் கால் பங்காகச் சுண்டவிட வேண்டும். முதலில் பெரிய குமிழிகளாகப் பொங்கும். பிறகு குமிழிகள் சிறுத்து, நெருங்கி, கரண்டியின் பின்புறத்தில் படலமாக ஒட்டும். அப்போது இறக்கி அரைக் கரண்டி எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இனிப்பும் காரமும் சமநிலைக்கு வரும். கோழி வேக இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது இதைத் தூரிகையால் பூசுங்கள். முன்பே பூசினால் சர்க்கரை கருகிக் கசந்துபோகும்.

ஆட்டுக்கறிக்கு இந்த முறையைக் கொண்டுபோக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழம்பிலோ பிரியாணியிலோ நீண்ட நேரம் வேகும் ஆட்டுக்கறி, அதிலுள்ள சவ்வு கரைந்து மென்மையாவது. அதற்குப் பொறுமையும் நேரமும்தான் தேவை. கொழுப்புக் குறைந்த கறியை உலர்ந்த சூட்டில் வாட்டும்போதுதான் உப்புநீர் முழுப் பயன் தரும்.

ஈசூன் அடுப்படி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உறைந்த கோழிதான் வாங்குவதாக இருந்தேன், ஆகவே உப்புநீர் முறையையே எடுத்துக்கொள்கிறேன். பாட்டியம்மா சொன்ன பூச்சையும் செய்வேன். இடப் பிரச்சினையும் மாமியாரின் உணவும் இன்னும் தீரவில்லை. இரண்டு கோழிக்கு நான்கு லிட்டர் நீரை எங்கே வைப்பது? மேசைமேல் மூடி வைத்தால் ஓர் இரவு தாங்குமா?

செங்காங் ஓவன் எழுதியது:

மேசைமேல் கண்டிப்பாக வைக்காதீர்கள் அக்கா. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஊரில் நள்ளிரவிலும் சமையலறை 27, 28 டிகிரிக்குக் குறையாது. 5 விழுக்காட்டு உப்பு கறியைப் பதப்படுத்தாது. ஊறுகாய்க்குப் போடும் உப்பின் அளவு வேறு.

இடத்துக்கு எளிய வழி, கோழியைப் பிளப்பதுதான். குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் முழுமையாகப் பனி இளகிய கோழியின் முதுகெலும்பைச் சமையலறைக் கத்தரிக்கோலால் இருபுறமும் வெட்டி நீக்கி, மார்பை அழுத்தித் தட்டையாக்குங்கள். புதிய கோழி வாங்கினால், தேக்கா சந்தைக் கடைக்காரரிடம் கேட்டாலே செய்து தருவார். தட்டையான கோழி தடித்த பூட்டுப் பையில் படுத்துக்கொள்ளும், ஒன்றுக்கு ஒன்றேகால் லிட்டர் உப்புநீரே போதும், ஐந்து மணி நேரத்தில் ஊறியும்விடும். பையின் காற்றை வெளியேற்றி மூடி, ஒழுகினாலும் பிடித்துக்கொள்ள ஒரு தட்டின் மேல், சமைத்த உணவுக்குக் கீழே உள்ள தட்டில் வையுங்கள். நேரம் குறைவதால் இரண்டையும் காலையில் ஊறவைத்து மாலையில் வாட்டிவிடலாம். பயன்படுத்திய நீரைக் கொட்டிவிட வேண்டும், மறுமுறைக்கு வைக்கக்கூடாது.

வேகும் நேரமும் இதனால் குறையும். 200 டிகிரி ஓவனில் நாற்பது நிமிடம் கழித்து வெப்பமானியைத் தொடையிலும் நெஞ்சின் தடித்த இடத்திலும் குத்திப் பாருங்கள். நெஞ்சில் 75 டிகிரி வந்ததும் எடுத்துவிடலாம், தொடை அதைவிடச் சற்று அதிகமாக, 80 டிகிரியைத் தாண்டியிருந்தால்தான் மெல்ல நன்றாக இருக்கும். தட்டையாக்கிய கோழியில் தொடைப் பகுதியை ஓவனின் உட்புறச் சூட்டுப் பக்கம் திருப்பி வைத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்துசேரும். தோல் முன்னதாகவே சிவந்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் அலுமினியத் தாளால் மூடுங்கள்.

மாமியாருக்கு இந்தக் கோழியிலிருந்து சிறிதளவு எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே ஏறிய உப்பைக் கழுவி எடுக்க முடியாது. ஒரு முழுத் தொடையை உப்புநீரில் போடாமல் தனியே வைத்து, பாட்டியம்மா சொன்ன உப்பில்லா விழுதைத் தடவி, அதே தட்டின் ஓரத்தில் வாட்டிவிடுங்கள். தொடைக்கறி இயல்பாகவே கொழுப்பும் சவ்வும் உள்ளது என்பதால் ஊறவைக்காவிட்டாலும் வறளாது. வெந்த பிறகு ஆப்பிள் பூச்சை அதன்மேலும் பூசிக் கொடுத்தால், மேசையில் இருப்பவர்கள் சாப்பிடும் அதே சுவை அவருக்கும் கிடைக்கும்.