ஹைடு, ஸ்கின்: இரண்டும் ஒரே தோல்தானா?

காட்பாடி வாத்தியார்:
ஹைடுக்கும் ஸ்கின்னுக்கும் என்ன சார் வித்தியாசம் என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். ஒன்றும் இல்லை, இரண்டும் தோல்தான் என்றேன். உயிர் தப்பித்தான் என்பதற்கு 'சேவ்டு ஹிஸ் ஸ்கின்' என்றும் எழுதலாம், 'சேவ்டு ஹிஸ் ஹைடு' என்றும் எழுதலாம், பொருள் மாறவில்லையே. ஹைடு பழைய ஆங்கிலச் சொல், ஸ்கின் ஸ்காண்டிநேவியர்களோடு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

ஆம்பூர் கணக்குப்பிள்ளை:
கோபித்துக்கொள்ளாதீர்கள் சார், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லித் தரவே கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எந்த டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, வேலைக்குப் போனாலும் மாடு, எருமை என்றால் ஹைடு, வெள்ளாடு, செம்மறி என்றால் ஸ்கின். நான் சேர்ந்த புதிதில், ஸ்கின் கேட்டு வெளிநாட்டிலிருந்து வந்த கடிதத்துக்கு மாட்டுத்தோல் விலையைப் போட்டு அனுப்பிவிட்டு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஆட்டுத்தோலை ஒரே ஆள் இரண்டு கையால் விரித்துப் பிடித்துவிடலாம், நாலைந்து சதுர அடிதான் வரும். மாட்டுத்தோல் ஈரத்தோடு இருந்தால் ஒருவரால் புரட்ட முடியாது, அதனால்தான் முதுகுக் கோட்டோடு இரண்டாக வெட்டி 'சைடு' ஆக்குகிறோம். ஆட்டுத்தோலுக்கு அந்த வெட்டே கிடையாது.

காட்பாடி வாத்தியார்:
சரி, கன்றுக்குட்டியும் மாடுதானே, அதை ஏன் காஃப் ஸ்கின் என்கிறீர்கள்? முதலை ஆட்டைவிட எவ்வளவு பெரிது, அதுவும் ஸ்கின்தானே?

மேல்விஷாரத்துக்காரன்:
கன்று என்று சொல்லி வாத்தியார் கணக்குப்பிள்ளைக்கே வலு சேர்த்துவிட்டார். மாட்டினமாகவே இருந்தாலும் சின்னதாக இருந்தால் ஸ்கின். இரண்டுக்கும் நடுவில் 'கிப்' என்று இன்னொன்றும் உண்டு. நம் நாட்டுச் சின்ன மாட்டுத் தோலை ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டு மெட்ராஸிலிருந்து லண்டனுக்குக் கப்பலேற்றிய காலத்தில் அதற்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்' என்றே பெயர்.

ஆம்பூர் கணக்குப்பிள்ளை:
முதலை விதிவிலக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன் சார். உடம்பில் அரிப்பு வந்தால் வேலூருக்குப் போய் ஸ்கின் டாக்டரைத்தானே பார்க்கிறோம், ஹைடு டாக்டர் என்று யாராவது சொல்வார்களா? தக்காளித் தோலுக்கும் ஸ்கின் உண்டு, ஹைடு கிடையாது. இரண்டும் ஒன்றென்றால் ஒன்றின் இடத்தில் மற்றது ஏன் உட்கார மாட்டேன் என்கிறது?

காட்பாடி வாத்தியார்:
தக்காளிக்குப் பதில் இல்லை. ஆனால் உயிர் தப்பிய கதையில் இரண்டும் ஒன்றுதான் என்பதை விட மாட்டேன். அந்தப் பெண்ணிடம் திங்கட்கிழமை இரண்டையும் சொல்கிறேன், டேனரிக் கணக்கையும் சேர்த்து.