மௌனக் காதல் படம்: வேகமும் மத்தளமும்

கல்லடி:
வாசிகசாலையில் பேசாப்படக் காலத்துக் காதல் படம் ஒன்று போட இருக்கிறோம். கிடைத்த பிரதியில் ஆட்கள் குடுகுடென்று ஓடுகிறார்கள்; காதல் காட்சிக்கும் சிரிப்புத்தான் வருகிறது. எப்படிச் சரிசெய்யலாம்?

காரைதீவு:
அக்காலத்தில் கமெராவைக் கையால் சுற்றி, பெரும்பாலும் நொடிக்கு 16 முதல் 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) வரை எடுத்தார்கள். 18இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் காதலர் பதறியபடிதான் தெரிவார்கள். கணினியில் படம் ஓட்டும் விஎல்சி செயலியில் வேகத்தை 0.75 ஆக்குங்க தம்பி. நடையும் கண்ணிமைப்பும் இயல்பாகும் வரை கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாருங்க. ‘சன்ரைஸ்’ (1927), ‘சிட்டி லைட்ஸ்’ (1931) இரண்டும் இசைத்தடத்தோடு வந்தவை, படமும் இசையும் ஒரே வேகத்தில் பொருந்தியிருப்பதால் அவற்றின் வேகத்தில் கை வைக்கவே கூடாது.

அக்கரைப்பற்று:
‘எ த்ரோ ஆஃப் டைஸ்’ (1929) போடுங்க. சீதாதேவி, சாரு ராய், ஹிமான்சு ராய் நடித்தது. ஒரு பெண்ணுக்காக இரண்டு அரசர்கள் சூதாடும் கதை, மகாபாரதச் சாயல். வடமோடிக் கூத்து பார்த்த சனத்துக்கு உடனே பிடிபடும். மத்தளம் வைத்தால், முகம் நெருக்கமாக வரும் இடங்களில் அடியை நிறுத்தச் சொல்லுங்க. அங்கே கண்தான் பேச வேண்டும்.

கல்லடி:
இடையில் வரும் ஆங்கில எழுத்து அட்டைகள்?

காரைதீவு:
படத்தை நிறுத்தி வாசிக்காதீங்க, தாளம் குழம்பும். தமிழ் வசனக் கோப்பு செய்து கீழே ஓடவிடுங்க. வேகத்தைக் குறைத்தாலும் அது படத்தோடேயே வரும்.